எண்பதில் ஒரு சாவி

காரை வாங்க வந்தவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. டயரை உதைத்தும் பார்க்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, டாஷ்போர்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சாவி எங்கண்ணே?"

அப்பா பதில் சொல்லாமல் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ தட்டினார். 'டப்' என்று சத்தம் வந்தது. வீட்டில் விளக்கு போடுவோமே, அது மாதிரி ஒரு சின்ன சுவிட்ச். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் எஞ்சின் பக்கம் பெட்ரோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடித்து ஓய்ந்தது. அப்பா ஒரு குமிழை இழுத்தார். 1962ஆம் ஆண்டு மோரிஸ் மைனர், இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது.

"ஓடுது, பாத்தீங்களா?" என்றார் அப்பா, பெருமையோடு.

வந்தவர் பத்து பஹாட்டில் பழைய கார்களைச் சேர்ப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இல்லாத பொருள்களை எழுத ஆரம்பித்தார். சாவி இல்லை. முன்பக்கம் நுழைத்துச் சுற்றும் ஸ்டார்ட்டிங் ஹேண்டல் இல்லை. ஜேக் இல்லை. 'எம்' எழுத்து பதித்த சக்கர மூடி ஒன்று இல்லை. ஆஷ்ட்ரே இல்லை. கூட்டிப் பார்த்து, பேசிய விலையில் மூவாயிரம் வெள்ளி குறைத்தார். "மழைக்காலத்துக்கு முன்னால தேடிக் குடுத்தீங்கன்னா பழைய விலையே தர்றேன். பூட்டை மட்டும் மாத்திடாதீங்க. அது காரோட வந்ததா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெர்சிங்கில் மழைக்காலம் நவம்பரில் வந்துவிடும். எனக்கு ஏழு வாரம் இருந்தது.

காரை விற்பதற்குக் காரணமே நான்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். வாகன உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் அவரைத் தனியாக விட மனமில்லாமல் கோலாலம்பூருக்கு வரச் சொன்னேன். என் அடுக்குமாடி வீட்டுக்குக் கார் நிறுத்த ஓர் இடம்தான். அதில் என் மைவி நிற்கிறது. "அப்போ காடிய வித்துருவோம்" என்று அப்பாவே சொன்னார். அவர் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அது தாத்தாவின் கார். ஜெமாலுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரெஸ்ஸராக இருந்தார். ராத்திரி எந்த லயத்தில் பிரசவ வலி எடுத்தாலும் இந்த மோரிஸ்தான் மெர்சிங் ஆஸ்பத்திரிக்கு ஓடும். பின் சீட்டில் பிறந்தவர்கள் இரண்டு பேர் என்று பாட்டி சொல்வார். அதில் ஒருவர் இன்றும் அப்பாவைப் பார்க்க வருகிறார்.

சாவியைத் தொலைத்தது அப்பா. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சமயம் காரை மேட்டில் இருந்த ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் சாவி போனது. இரண்டாவது சாவி தாத்தா காலத்திலேயே காணோம். பட்டறைக்காரர் இரண்டு கம்பிகளை இழுத்து அந்தச் சுவிட்சைப் போட்டுக் கொடுத்தார். தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னாராம்.

மோரிஸ் மைனரைப் பற்றித் தெரியாத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிறகு 1959இல் 'மினி'யைத் தந்தவரும் அவரே. இந்தக் காரை முதலில் பார்த்த கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு, ஓடு உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். இஸிகோனிஸுக்கே அகலம் திருப்தியில்லை. தயாராகி நின்ற மாதிரிக் காரை நட்டநடுவே அறுத்து, இரண்டு பாதியையும் நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, 'இதுதான் சரி' என்றார். அதனால்தான் பானெட்டின் நடுவே ஒரு பட்டை ஓடுகிறது. அந்த முட்டை 16 லட்சத்துக்கு மேல் விற்றது. மலாயாவில் கிராணிமார், ஆசிரியர்கள், டிரெஸ்ஸர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் பலர் கனவு கண்ட கார் அது.

மெர்சிங் கடைத்தெருவில் சாவி வெட்டும் அபாங்கிடம்தான் முதலில் போனேன். "பழைய சாவி இருந்தால் அதே மாதிரி வெட்டலாம். இல்லாத சாவியை எப்படி வெட்டுவது?" என்று சிரித்தார். பூட்டையே மாற்றச் சொன்னார். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சென்னையில் இருக்கும் என் கல்லூரித் தோழி புதுப்பேட்டைக்கே போய்விட்டாள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களிலிருந்து, சாவியோடு கூடிய அம்பாஸடர் சுவிட்ச் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாள். அம்பாஸடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த கார்தானே, பொருந்தும் என்று நம்பி வாங்கச் சொல்லிவிட்டேன். வந்தது. பொருந்தவில்லை. அம்பாஸடர் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகிக்கொண்டே இருந்த கார். இடையில் எத்தனை பாகங்கள் மாறினவோ! அந்தச் சுவிட்ச் இப்போது என் மேசையில் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கிறது.

அடுத்து, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, சாவிக் கதையைச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் கைப்பேசி நிறைந்தது. புரோட்டோன் சாகா சாவி, வோல்வோ சாவி, பீரோ சாவி, ஒரு பெரிய கோயில் பூட்டுச் சாவி எல்லாம் படமாக வந்தன. ஒருவர் சாவி எதுவும் அனுப்பவில்லை. தன் அப்பாவின் மோரிஸை விற்ற கதையைக் குரல்பதிவாக எட்டு நிமிடம் சொல்லியிருந்தார். தைப்பிங்கிலிருந்து மினி வைத்திருக்கும் ஓர் அண்ணன் அனுப்பிய செய்திதான் வழி காட்டியது. "தங்கச்சி, சாவியைத் தேடாதீங்க. நம்பரைத் தேடுங்க. பூட்டு முகத்துலயே இருக்கும்."

சனிக்கிழமை பஸ் ஏறி மெர்சிங் போனேன். சாவித் துவாரத்தைச் சுற்றி இருந்த வட்டமான உலோக முகத்தில் பச்சை பூத்திருந்தது. தென்சீனக் கடலின் உப்புக் காற்று எதையும் விடாது. இங்கே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி அதுதான். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, முகப்பவுடரைப் பூசித் துடைத்தேன். பள்ளங்களில் வெள்ளை நின்றது. எஃப், எஸ், 978.

இந்த எஃப்-எஸ் என்பது என்ன என்று தேடியபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் பூட்டைத் தாங்களே செய்யவில்லை. பர்மிங்ஹாமில் இருந்த வில்மோட்-பிரீடன் போன்ற கம்பெனிகளிடம் வாங்கின. சுவிட்ச் லூகாஸ் கம்பெனியுடையது. அதாவது 'தொழிற்சாலைச் சாவி' என்று நாம் பெருமையாகச் சொல்வது, கார்த் தொழிற்சாலைக்குள் பிறந்ததே இல்லை. மோரிஸ், ஆஸ்டின், மினி, எம்.ஜி., டிரையம்ஃப் என்று வேறு வேறு பெயர்களில் ஓடிய கார்களுக்கு ஒரே வரிசைச் சாவிகள் போயின. அந்த வரிசைகளில் ஒன்று எஃப்-எஸ். அது 876இல் தொடங்கி 955இல் முடியும். எண்ணிப் பாருங்கள். எண்பதே எண்பது சாவிகள்தான்!

லட்சக்கணக்கான கார்களுக்கு எண்பது சாவிகள் என்றால் என்ன பொருள்? தெருவில் நிற்கும் இன்னொருவர் காரில் உங்கள் சாவி நுழைந்து திரும்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேய்ந்த சாவியாக இருந்தால் இன்னும் சுலபம். இதிலாவது எண்பது. அமெரிக்காவில் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் பழைய வண்டிகள் போக, 1919இலிருந்து மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தவற்றுக்கு 51 முதல் 74 வரை எண்ணிட்ட 24 சாவிகள்தான். திருடனைத் தடுப்பதைவிட, சொந்தக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் சட்டென்று இன்னொன்றைக் கொடுப்பதுதான் அன்றைக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு என் மைவியின் சாவியைத் தொலைத்தால் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அதோடு பேச வைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் என் கையில் இருந்த எண் 978. வரிசையோ 955இல் முடிகிறது.

குளுவாங்கில் பழைய உபரிபாகக் கடை ஒன்று இருப்பதாக அப்பாவுக்கு நினைவு. ஜெமாலுவாங், கஹாங் வழியாக ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அப்பா வளைவுக்கு வளைவு பிரேக் சொல்லிக்கொண்டு வந்தார். (குளுவாங் வரை போய்விட்டு ரயில் நிலையக் கோப்பியைக் குடிக்காமல் திரும்பினால் பாவம் என்பதால் முதலில் அங்கே போனோம்.) கடையின் இரும்புக் கதவு முக்கால்வாசி மூடியிருந்தது. உள்ளே எண்பதைத் தாண்டிய ஒரு சீன முதியவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். வியாபாரத்தை நிறுத்திப் பல வருஷமாம். சும்மா வந்து உட்கார்ந்திருப்பாராம்.

நான் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"978 என்று ஒன்று கிடையாது, ஆ மோய்" என்றார், கடைத்தெரு மலாயில். "நடுவில் இருப்பது ஏழு இல்லை, ஒன்று. மேலே இருக்கும் கோடு துரு தின்ற கோடு. உன்னுடையது 918."

எழுந்து உள்ளே போனார். சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்த ஒரு பலகையைத் திருப்பினார். வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். 876, 877, 878... பலவற்றில் இன்னும் சாவிகள் தொங்கின. அந்தக் காலத்தில் கடைக்காரர் சாவி வெட்டவே மாட்டாராம். வந்தவர் எண்ணைச் சொல்வார். கொக்கியிலிருந்து கழற்றிக் கொடுப்பார். அவ்வளவுதான். "கார் யாருடையது என்று கேட்டதே இல்லை" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகைக்கு மிக அருகே போய் விரலால் தடவினார். 916இல் இரண்டு இருந்தன. 917இல் ஒன்று. 919இல் ஒன்று. நடுவே 918 கொக்கி காலி.

"விற்றுவிட்டேன்" என்றார் முதியவர். "எப்போது, யாருக்கு, தெரியாது. உன் அப்பாவுக்கே விற்றிருக்கலாம்."

அப்பா அந்தக் கொக்கியை விட்டு விரலை எடுக்கவே இல்லை. தாத்தா குளுவாங்குக்குச் சாமான் வாங்க வருவார் என்று மட்டும் சொன்னார்.

வெறுங்கையோடு அனுப்ப அந்த மனிதருக்கு மனசில்லை. ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்து, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த, பல் வெட்டப்படாத பழைய சாவி ஒன்றை எடுத்தார். அதே வரிசைக்கானது. காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்ன ஒரு விஷயத்தைப் பழைய கார் வைத்திருக்கும் எல்லாருமே குறித்துக்கொள்ளலாம்: தேய்ந்த சாவியைப் பார்த்துச் சாவி வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்து வெட்டுவீர்கள். அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று போனால் கடைசியில் எந்தப் பூட்டும் திறக்காது. எண்ணைப் பார்த்து வெட்டியதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த சாவி. காரின் எல்லாப் பூட்டுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அறுபது வருஷத்தில் யாராவது கதவுப் பிடியையோ சுவிட்சையோ மாற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் இன்றும் எண்ணைச் சொன்னால் இந்த வரிசைச் சாவிகளை வெட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 918 என்று எழுதிக் கேட்டேன். அஞ்சல் செலவோடு சேர்த்துக் கோலாலம்பூரில் இரண்டு பேர் நல்ல இரவு உணவு சாப்பிடும் பணம்தான் ஆனது.

அது வரும்வரை மற்ற பொருள்களைத் தேடினோம். அதற்காகப் பெரிய நகரங்களுக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுகூட மெர்சிங்கை விட்டுப் போயிருக்கவில்லை. ஸ்டார்ட்டிங் ஹேண்டல் அடுத்த வீட்டு பாக்சிக்கின் பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. அதற்கு முன் தேங்காய் உரித்ததாம். ஜேக் ஆற்றங்கரையில் ஒரு மீனவரிடம் படகைத் தூக்கிப் பெயிண்ட் அடிக்க உதவிக்கொண்டிருந்தது. அவரிடம் புது ஜேக் ஒன்றை வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இரண்டு பக்கமும் லாபம். 'எம்' போட்ட சக்கர மூடியில் எங்கள் வீட்டுப் பூனைக்கே தண்ணீர் வைத்திருக்கிறார் அப்பா! எத்தனையோ வருஷமாக நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். ஆஷ்ட்ரே மட்டும் கிடைக்கவில்லை. போனால் போகட்டும். தாத்தா புகைத்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த அசல் மோகத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. தைப்பிங் அண்ணனின் நண்பர் ஒருவர் தன் மோரிஸுக்கு இங்கிலாந்திலிருந்து ஹீட்டரை வரவழைத்து மாட்டியிருக்கிறாராம். நம் நாட்டு வெயிலில் ஹீட்டர்! அதே சமயம், கதவுத் தூணிலிருந்து கை மாதிரி வெளியே நீண்டு திரும்பும் திசையைக் காட்டும் அந்தக் காலத்து இண்டிகேட்டருக்காக வருஷக்கணக்கில் அலைகிறவர்களை எனக்குப் புரிகிறது. 1961இல் மைனரில் அது போய் மினுக்கும் விளக்கு வந்தது. எங்களுடையது அதற்கு அடுத்த வருஷக் கார் என்பதால் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான்காவது வாரம் ஒரு சின்ன உறை வந்தது. பளபளவென்று புதுச் சாவி. ஆனால் பூட்டு அதை ஏற்கவில்லை. பாதிக்கு மேல் நுழையவில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள் உப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தள்ளினால்தான் உருளை திரும்பும். ஒன்று ஒட்டினாலும் போச்சு. நான் சமையல் எண்ணெயை எடுக்கப் போக, அபாங் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். எண்ணெய் தூசியைச் சேர்க்குமாம். துரு விடுவிக்கும் திரவத்தை இரண்டு நாள் விட்டு விட்டு அடித்து, மெல்லிய கம்பியால் தகடுகளை ஒவ்வொன்றாக அசைத்து, கடைசியில் பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவினார். பிறகு இங்கிலாந்துச் சாவியைப் பார்த்து, குளுவாங் முதியவர் கொடுத்த பழைய சாவியிலும் பல் வெட்டினார். வெட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அப்பாதான் முதலில் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன், தொழில் புத்தி. துவாரம் சரியாகத் தெரியாததால் இடது கை விரலால் தடவிக் கண்டுபிடித்து, வலது கையால் சாவியை நுழைத்தார். திருப்பினார். அந்தச் சத்தம் 'டப்' இல்லை. அதைவிட மென்மையானது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்த மாதிரி. சிவப்பு விளக்கு எரிந்தது. பம்ப் அடித்தது. அப்பா குமிழை இழுக்கவில்லை. சாவியை அணைத்தார். மறுபடி திருப்பினார். மறுபடி அணைத்தார். ஐந்தாறு முறை இருக்கும்.

"அப்பா எங்கிட்ட ஒரு தடவகூட சாவிய எங்கன்னு கேக்கல" என்றார். நான் ஒரு கணம் குழம்பிப்போனேன். தாத்தா 1998இலேயே இறந்துவிட்டார். சாவி தொலைந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. அவர் சொன்னது அந்த முதல் சாவியை என்று பிறகுதான் விளங்கியது. தாத்தா காலத்தில் காணாமல் போன இரண்டாவது சாவி. அதையும் தொலைத்தது அப்பாதான், பதினேழு வயதில், நண்பர்களோடு கடற்கரைக்குக் காரை எடுத்துப் போய். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் புதுச் சாவி ஒன்று ஆணியில் தொங்கியதாம்.

குளுவாங்கின் காலிக் கொக்கி என் கண்முன் வந்து போனது.

அக்டோபர் கடைசியில் பத்து பஹாட்டுக்காரர் லோரியோடு வந்தார். பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். ஆஷ்ட்ரேயைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். இரண்டு சாவிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எதண்ணே ஒரிஜினல்?" என்று கேட்டார். புதுச் சாவி, சரியான எண்ணுக்கு வெட்டியது. பழைய சாவி, அந்தக் காலத்து உலோகம். ஆனால் புதுசைப் பார்த்துப் போன வாரம் வெட்டியது. நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அப்பா பழையதைக் காட்டி, "இது" என்றார். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பேசிய முழு விலையைக் கொடுத்தார்.

லோரி கண்ணில் மறைந்த பிறகுதான் கவனித்தேன். இங்கிலாந்துச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"அவருக்குக் குடுக்கலையாப்பா?"

"அவன் தொலைச்சிருவான் பாரும்மா. அப்ப நம்மகிட்டதான வரணும்."

எண்ணைப் படித்து எழுதிக் கேட்டால் யாருக்கும் இன்னொரு சாவி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.